கீழ்வரித் தையல்

பாடையின் கால்மாட்டு முடிச்சை அரசப்பன் அவிழ்த்துவிட்டார். இதெல்லாம் ஒரு முடிச்சா, பாதி வழியில் நழுவிவிடும் என்று சொல்லிக்கொண்டே கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்து, மூங்கிலைக் காலால் மிதித்து, மறுபடி கட்டினார். செத்துக் கிடக்கிறவனின் அண்ணன் பாடையில் கைவைக்கக் கூடாது என்று யாரோ முனகினார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முப்பத்தைந்து வருசமாகப் படகு கட்டுகிறவர், கண்ணெதிரே ஒரு மோசமான முடிச்சைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா? அந்த நேரத்தில்தான் தெருமுனையில் நாலாவது கார் வந்து நின்றது.

நாலு கார்! கிளிஞ்சல்மேட்டுக் குப்பத்தில் எந்தச் சாவுக்கு நாலு கார் வந்திருக்கிறது? ஊரில் சாவு விழுந்தால் அன்றைக்கு யாரும் கடலுக்குப் போவதில்லை என்பது வழக்கம். அதனால் கரையில் எல்லா பைபர் போட்டும் மூக்கைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நின்றன. ஆண்பிள்ளைகள் மொத்தமும் ஆனந்தராஜ் வீட்டு வாசலில்தான். பந்தலுக்குள் இடம் போதாமல் பக்கத்து வீடு வரைக்கும் நாற்காலி போட்டிருந்தது. அறுபத்தோரு வயதில், தன்னைவிட ஐந்து வயது இளைய தம்பியின் பிணத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, நாம் செத்தால் இதில் பாதிக் கூட்டமாவது வருமா என்று அரசப்பன் யோசித்துக்கொண்டிருந்தார். ச்சீ என்று மனசுக்குள் தன்னையே ஒரு தரம் காறித் துப்பவும் செய்தார். ஆனாலும் கண் என்னவோ ஐந்தாவது கார் வருகிறதா என்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

காரிலிருந்து இறங்கியவள் சித்திக்கா. காரைக்கால் டவுன்காரி, வெளியூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் தொல்லியல் சொல்லிக்கொடுக்கிறவள். எந்நேரமும் கையில் ஒரு தடித்த நோட்டு இருக்கும் என்பதால் அரசப்பன் அவளுக்கு நோட்டுக்காரி என்று பேர் வைத்திருந்தார். இன்றைக்கு நோட்டு இல்லை. பிணத்துக்கு முன்னால் வந்து நின்று, முக்காட்டுத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் குலுங்கியதைப் பார்த்து, ஓய்ந்திருந்த பெண்களெல்லாம் மறுபடி ஒரு சுற்று அழுதார்கள். அரசப்பனுக்கு மட்டும் காலையிலிருந்தே அழுகை வரவில்லை. தொண்டை வரைக்கும் என்னவோ வந்து நிற்கும். அதற்குள் யாராவது, என்ன மனுசன், அவன் கை என்ன கை என்பார்கள். வந்தது அப்படியே வயிற்றெரிச்சலாகி உள்ளே இறங்கிவிடும்.

இதில் கொடுமை என்னவென்றால், அவள் முதலில் தேடி வந்தது அரசப்பனைத்தான். மூன்று வருசத்துக்கு முன்னால் அவருடைய படகுப் பட்டறையில் வந்து நின்றாள். ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி ஆணியே இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துப் படகு கட்டியிருக்கிறார்கள். அது எப்படி என்று ஏட்டைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது, அதே மாதிரி ஒன்று கட்டிப் பார்த்தால்தான் தெரியும். அந்தக் காலத்துக் கருவி, அந்தக் காலத்துச் சாமான், வேறு எதையும் தொடக் கூடாது. நீங்கள் கட்டித் தருவீர்களா என்று கேட்டாள். அரசப்பன் சிரித்துவிட்டார். எதிரே வாளியில் பைபர் பிசின் கலக்கிக்கொண்டிருந்த தம்பியைக் காட்டி, அவனைக் கேளுங்கள், அவனுக்குத்தான் வேறு வேலை இல்லை என்றார். தமாசுக்குச் சொன்னதுதான். பிசின் பட்டால் கையெல்லாம் சொறி பிடிக்கிற ஆனந்தராஜ் மறுநாளே பட்டறையை விட்டுப் போய்விட்டான்.

போனவன் அரசலாற்று முகத்துவாரத்தில் ஒரு கீற்றுக்கொட்டகை போட்டு உட்கார்ந்தான். கொல்லன் அடித்துக் கொடுத்த வாய்ச்சியால் பலகை செதுக்கினான். துளை போடுவதற்கு ஒரு இரும்பூசி. அதில் வில்லின் கயிற்றைச் சுற்றி முன்னும் பின்னும் இழுத்தால் சுழலும். ஒரு துளைக்கு அரைமணி நேரம். தப்பாய்ப் போனால் பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து. எந்தத் துளை, எந்தத் தேதி, யார் கை, எவ்வளவு நேரம் என்று நோட்டுக்காரி ஒன்று விடாமல் எழுதிக்கொண்டாள். முதல் வருசம் ஊரே சிரித்தது. இரண்டாம் வருசம் பேப்பரில் போட்டோ வந்தது. அப்புறம் ஒருநாள் டீக்கடையில் வெளியூர்க்காரன் ஒருவன் அரசப்பனைப் பார்த்து, நீங்கள் ஆனந்தராஜோட அண்ணன்தானே என்று கேட்டான். ஆனந்தராஜோட அண்ணனாம்! டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தவர், அதற்குப் பிறகு அந்தக் கடைக்கே போகவில்லை.

மத்தியானம் சென்னையிலிருந்து அரசப்பனின் மகன் புகழேந்தி வந்து சேர்ந்தான். ஆனந்தராஜுக்கும் பூங்கொடிக்கும் பிள்ளை கிடையாது. கொள்ளி போட அண்ணன் மகன்தான். சித்தப்பா என்றால் அவனுக்கு உயிர். போனில்கூட அப்பாவிடம் ரெண்டு நிமிசம், சித்தப்பாவிடம் இருபது நிமிசம் பேசுகிறவன். மொட்டையடித்து, மீசையை எடுத்து, ஈரவேட்டியோடு வந்து நின்ற மகனைப் பார்த்தபோது, எனக்குச் செய்ய வேண்டியதை முதலில் அவனுக்குச் செய்கிறான் பார் என்றுதான் அரசப்பனுக்குத் தோன்றியது. தோன்றியதைத் தோன்றவில்லை என்று சொல்ல முடியுமா?

சாயங்காலம் சிதை நன்றாகப் பற்றிக்கொண்டதும் ஆண்கள் கரைப்பக்கம் வந்து மணலில் உட்கார்ந்தார்கள். ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் சுப்ராயன் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தார். நாளைக்கு மறுநாள் காலையில் பால் தெளி. அஸ்தியைக் கடலில் கரைக்க யார் போட்டும் வேண்டாம், ஆனந்தராஜ் கட்டிய படகே இருக்கிறது. அதைக் கடலில் இறக்கிப் பார்க்க இன்னும் பத்து நாளில் தேதி குறித்திருந்தார்கள், அதைத்தான் முன்னால் இழுத்துக்கொள்வோமே. புகழேந்தி பானையோடு ஏறட்டும், நான் ஏறுகிறேன், துடுப்புக்கு ரெண்டு பேர், மேடமும் வரட்டும். சொல்லி முடித்ததும் புகழேந்தி தலையை ஆட்டினான். தள்ளி நின்றிருந்த சித்திக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அந்தப் படகு கடலில் நிற்காது. அது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தார் அரசப்பன். தேங்காய்நார்க் கயிறு உப்புத்தண்ணீரில் வருசக்கணக்கில் கிடக்கும், ஒன்றும் ஆகாது. மழைத்தண்ணீர் தேங்கினால் ரெண்டே மாசத்தில் இற்றுப்போகும். போன ஐப்பசி கார்த்திகையில் அடி அடியென்று மழை அடித்தது. தார்ப்பாய் போடக் கூடாது, அது அந்தக் காலத்துச் சாமான் இல்லை என்பது நோட்டுக்காரியின் சட்டம். கொட்டகைக் கீற்று ஒழுகி, படகின் அடியில் விரித்திருந்த பனைமட்டைத் தட்டிக்குக் கீழே தண்ணீர் நின்றது. பொங்கலன்று கொட்டகையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அரசப்பன் போனார். தட்டியைத் தூக்கி, அடிமரத்தையும் முதல் பலகையையும் சேர்த்துத் தைத்திருந்த கீழ்வரியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். கயிறு வெந்த சேமியா மாதிரி பிய்ந்து வந்தது.

தட்டியை இருந்தபடியே மூடிவிட்டு வந்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை. என்ன ஆகிவிடப்போகிறது? காமிராவெல்லாம் நிற்க, நாலு பேர் பார்க்க, இடுப்பளவுத் தண்ணீரில் படகு உட்காரும், ஊர் சிரிக்கும், அவ்வளவுதானே? அந்த நாளை நினைத்து நினைத்து ரெண்டு மாசம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார் மனுசன். இப்போது அதில் ஏறப்போவது அவர் பெற்ற பிள்ளை. குப்பத்தில் பிறந்தும், ஹாஸ்டல் ஹாஸ்டலாகப் படித்ததில் நீச்சல் அரைகுறையாகக் கற்ற பிள்ளை.

"அந்தப் படகு வேணாம் சுப்ராயா. தாங்காது" என்றார்.

சுப்ராயன் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னைக்குமா, அரசப்பா?"

சுற்றியிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மூன்று வருசமாக அந்தப் படகைப் பற்றி அவர் பேசாத பேச்சில்லை. குளத்தில் விட்டால் முங்கும் என்பார், கோழி அடைக்கலாம் என்பார், கிழிந்த துணியைத் தைக்கத் தெரியாதவன் படகைத் தைக்கிறான் என்பார். அதே வாய் இன்றைக்கும் அடங்கவில்லை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கயிறு இற்றுப்போயிருக்கிறது, நான் என் கண்ணால் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எப்போது பார்த்தாய் என்று அடுத்த கேள்வி வருமே! புகழேந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அரசப்பன் எழுந்து, வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தவர், மனைவி மாரியம்மாளிடம் சொல்லிவிட்டார். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் துண்டை நீட்டியபடி நின்று கேட்டாள்.

"எப்பலேருந்து தெரியும்?"

"தையிலேருந்து."

திட்டுவாள், ஒப்பாரி வைப்பாள், சொம்பைத் தூக்கி எறிவாள் என்று எதிர்பார்த்தார். அவள் துண்டை அவர் தோளில் போட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே போய் அடுப்பைப் பார்க்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"ஒங்களுக்கு அவுங்க மேல எரிச்சல்னு எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். இவ்ளோ தூரம்னு தெரியாது." பிறகு, "காலையில தைக்கப் போவீங்கல்ல, நானும் வரேன். உள்ள ஒரு ஆளு, வெளிய ஒரு ஆளு வேணும்ல?" என்றாள்.

மறுநாள் விடிந்து ஊர் மொத்தமும் துக்க வீட்டில் கூடியிருந்த நேரத்தில், இரண்டு பேரும் ஆற்றோரமாகவே நடந்து கொட்டகைக்குப் போனார்கள். பங்காளிக்குப் பத்து நாள் தீட்டு. வேலைக்கருவியைக் கையால் தொடக் கூடாது. தாலியறுத்த ஓரகத்திக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியவள் மாரியம்மாள். இரண்டு பேரையும் காணோம் என்று இந்நேரம் பேச்சு கிளம்பியிருக்கும். கிளம்பட்டும் என்று படகுக்குள் ஏறினார் அரசப்பன். நேற்று விடியற்காலையில் ஆனந்தராஜ் செத்து விழுந்து கிடந்தது இதற்குள்தான். நண்டுக்குப் போனவர்கள் பார்த்துத் தூக்கியிருக்கிறார்கள். தூக்கிய அவசரத்தில் தட்டியெல்லாம் கோணல்மாணலாகக் கிடந்தது. கையில் நெம்புகழியைப் பிடித்தபடியே கிடந்தான் என்று சொன்னார்கள். ஆசையாய்க் கட்டிய படகைப் பார்க்கப் போயிருப்பான் பாவம் என்று ஊர் முடிவுகட்டிக்கொண்டது.

அரசப்பன் தட்டியைத் தூக்கினார். பின்பக்கத்திலிருந்து முக்கால்வாசி தூரத்துக்குக் கயிறு புதுசாக இருந்தது.

அவருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. இற்ற துண்டுகளை ஒரு ஓலைப்பெட்டியில் பொறுக்கிப் போட்டிருந்தது. உப்புத்தண்ணீர்ப் பானையில் மிச்சக் கயிறு ஊறிக்கொண்டிருந்தது. கடைசியாகத் தைத்த துளையில் கயிறு பாதி நுழைந்து, இழுக்க ஆளில்லாமல் நின்றிருந்தது. அப்போதுதான் புரிந்தது. ஆனந்தராஜுக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்து, பிரித்து, யாரிடமும் சொல்லாமல் ஒண்டி ஆளாக மறுபடி தைத்திருக்கிறான். வெளியே ஒருவன் கயிற்றை இழுத்துப் பிடிக்க, உள்ளே ஒருவன் நெம்பி இறுக்க வேண்டிய வேலை அது. இவன் வெளியே போய்த் துளையில் ஆப்பு அடித்துக் கயிற்றை நிறுத்தி, ஏறி உள்ளே வந்து நெம்பி, இறங்கிப் போய் ஆப்பைப் பிடுங்கி, துளைக்குத் துளை ஏறி இறங்கியிருக்கிறான். நெஞ்சுவலிக்கு மாத்திரை சாப்பிடுகிறவன் செய்கிற வேலையா இது?

மாரியம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஒங்களக் கூப்பிட்டிருக்கலாம்ல" என்றாள். பிறகு அவளே, "கூப்பிட்டா போயிருப்பீங்களா?" என்றாள்.

அரசப்பன் அடிமரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். ரெண்டு நாளாக வராத அழுகை, மூக்கிலும் வாயிலும் ஒழுக, சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். அழுதுகொண்டே தம்பியின் தையலை விரலால் நீவிப் பார்த்தார். கயிற்றுக்கும் பலகைக்கும் நடுவில் நகம் நுழையவில்லை. சண்டாளன், ஒத்தை ஆளாக எப்படி இறுக்கியிருக்கிறான் என்று, அந்த அழுகைக்குள்ளேயே பொறாமையும் வந்து உட்கார்ந்துகொண்டது. அதை விரட்ட அவருக்குத் தெரியவில்லை.

மிச்சம் இருந்தது பதினெட்டுத் துளை. மாரியம்மாள் வெளியே மண்ணில் குந்தி இழுத்தாள், அவர் உள்ளே நெம்பினார். பலகை இடுக்கில் தேங்காய்நார்த் தும்பை அடைத்து, கயிற்றைக் குறுக்கே போட்டு, இறுக்கி, ஆப்பு வைத்து. முப்பது வருசமாகப் பிசினும் கண்ணாடி நூலுமாகப் பழகிய கை, கயிற்றைக் கண்டு திணறியது. முதல் ஆறு துளையைத் தைத்துவிட்டுத் தம்பியின் தையலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நகம் நுழைந்தது. பிரித்தார். மறுபடி தைத்தார். உள்ளங்கை தோலுரிந்து உப்புத்தண்ணீர் பட்டுக் காந்தியது. வெயில் சாயும் வரைக்கும் மூன்று தடவை பிரித்து மூன்று தடவை தைத்தும், தம்பி விட்ட இடமும் தான் தொடங்கிய இடமும் அவர் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிந்தன. முங்காது, அது நிச்சயம். ஆனால் அவன் தைத்த மாதிரி வரவில்லை. விடுங்கள், இது போதும் என்று மாரியம்மாள் அவர் கையைப் பிடித்து எழுப்பினாள்.

மூன்றாம் நாள் பால் தெளித்து, எலும்பு பொறுக்கி, பானையில் வாய்கட்டி எடுத்து வந்தார்கள். முந்தின நாள் முழுக்கத் துக்க வீட்டுப் பக்கமே வராத அண்ணனிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரை யாரும் ஏறச் சொல்லவும் இல்லை. படகைத் தள்ளும்போது அவராகவே தொற்றி ஏறி, முன்பக்கம் தான் தைத்த இடத்துக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டார். சுப்ராயன் ஏதோ சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டார். மாரியம்மாள் பூங்கொடியின் தோளைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றாள்.

படகு அலையில் ஏறி இறங்கியது. சும்மா சொல்லக் கூடாது, பைபர் போட்டு மாதிரி அறை வாங்கவில்லை. பலகையெல்லாம் கொஞ்சம் நெளிந்து கொடுத்து, அலைக்கு வழிவிட்டுத் தாண்டியது. துடுப்புப் போட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கரையிலிருந்து சத்தம் கேட்டது. அலை தாண்டியதும் புகழேந்தி பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து அஸ்தியைக் கரைத்தான், பானையையும் விட்டான்.

அரசப்பன் காலடியில் ஈரம் தெரிந்தது. தட்டியைத் தூக்கிப் பார்த்தார். தம்பி தைத்த முக்கால்வாசியும் காய்ந்து கிடந்தது. இவர் தைத்த இடத்தில் மூன்று துளையிலிருந்து தண்ணீர் கசிந்து கோடாக ஓடியது. பயப்படுகிற அளவுக்கு இல்லை. அள்ளி ஊற்றினால் தீர்ந்தது. அவர் கொட்டாங்கச்சியை எடுத்து அள்ள ஆரம்பித்ததும் சித்திக்கா குனிந்து பார்த்தாள். பையிலிருந்து நோட்டை எடுத்துப் பக்கங்களைப் புரட்டினாள்.

"கீழ்வரி, முன்பக்கம். ஆனந்தராஜ் தச்சதுதான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, அந்தப் பேருக்கு நேரே ஒழுகுகிறது என்று எழுதப் பேனாவை வைத்தாள்.

மூன்று வருசமாக அரசப்பன் ஆசைப்பட்டது அதுதான். ஆனந்தராஜ் தைத்தது ஒழுகியது என்று எழுத்தில் ஏற வேண்டும். அவர் ஒன்றும் செய்ய வேண்டாம், தண்ணீரை அள்ளிக்கொண்டு பேசாமல் இருந்தாலே போதும். யாருக்குத் தெரியப்போகிறது? மாரியம்மாள் சொல்ல மாட்டாள். செத்தவனும் வந்து சொல்லப்போவதில்லை.

"அதுல அவன் பேரப் போடாதீங்க" என்றார்.

அவள் நிமிர்ந்தாள். அரசப்பன் தம்பியின் கடைசித் தையலில் விரலை வைத்தார்.

"பின்னாடிலேருந்து இது வரைக்கும் அவன் புதுசா தச்சது. ஒத்த ஆளா. சொட்டுத் தண்ணி வரல பாருங்க. இதுலேருந்து பதினெட்டுத் துள நான் தச்சது, நேத்து. ஒழுவுறது என்னுது. அரசப்பன்னு எழுதுங்க."

"பழைய தையல் என்னாச்சு அண்ணே?"

"மழையில இத்துப்போச்சு. எனக்குத் தையிலயே தெரியும். அவன்கிட்ட சொல்லல." கொட்டாங்கச்சியைக் கீழே வைத்தார். "அதையும் எழுதிக்குங்க."

துடுப்பு நின்றது. சுப்ராயன் கடலைப் பார்த்தார். சித்திக்கா நோட்டின் மேல் குனிந்தாள். முதலில் எழுதியிருந்த பேரை ஒரு கோட்டால் அடித்துவிட்டு எழுதினாள்.

படகின் அடியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. புகழேந்தி எழுந்து, தடுமாறித் தடுமாறி முன்பக்கம் வந்தான். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு எதிரே முழங்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் குவித்து, தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றத் தொடங்கினான்.